காயாத தண்ணீர்

என்ர மலர் மச்சாளுக்கு,

நேற்று உங்கட சல்லி ஊருக்கு வந்தனான். நீ இல்லாத வீட்டுக்குள் கால் வைக்கவே கூச்சமாக இருந்தது. மாமி குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "பட்டதாரி அம்மா வந்திட்டா, கதிரையைத் துடைச்சுப் போடுங்கோ" என்றா. உன்ர பகிடியை இப்போது உன் அம்மா எடுத்துக்கொண்டுவிட்டா. நான் சிரித்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் கீறிய படம் உன் அறைச் சுவரில் சாய்த்தபடியே இருக்கிறது.

மாமாவின் வள்ளத்துப் பழைய பாய்ச்சீலையைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடித்தோமே, நினைவிருக்கிறதா? கலண்டரில் வந்த அந்த வெளிநாட்டு ஓவியர் கீறிய ஆற்றைப் பார்த்து அப்படியே கீறிப் பழகுவோம் என்று தொடங்கினோம். கிட்ட நின்றால் வெறும் பெயின்ற் பொட்டுகள். கதவடிக்குப் போனால் மரம், வெயில், ஆறு. ஒவ்வொரு பொட்டு வைத்ததும் நீ கதவடிக்கு ஓடுவாய். "ஏனடி, இந்த மனிசன் நிழலுக்குக் கறுப்பே வைக்கேல்லை?" என்று முதலில் கண்டுபிடித்ததும் நீதான். அன்றைக்கே கறுப்புப் பெயின்ற் ரியூபை மூடி வைத்துவிட்டு, நிழலுக்கு நீலமும் ஊதாவும் குழைத்தோம்.

பங்கு பிரித்ததும் நீதான். "படிச்ச ஆள் நீ, மேல வானத்தைப் பார். தண்ணி எனக்கு."

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும்போது வானம் முடிந்திருந்தது. பெயின்ற் குழைக்கிற ஆளிவிதை எண்ணெயும் முடிந்திருந்தது. டவுன் கடைகளில் வரத்தில்லை என்றார்கள். கண்டியிலிருந்து கொண்டு வருகிறேன், பொறு என்றேன். நீயா பொறுப்பாய்? குசினிப் போத்தலில் இருந்த தேங்காய் எண்ணெயை விட்டுக் குழைத்து, தனியே இருந்து தண்ணீர் முழுவதையும் கீறி முடித்துவிட்டாய். விடுமுறைக்கு வந்து தொட்டுப் பார்த்தேன். விரலெல்லாம் நீலம்.

"அவசரப்படாதை. மாரி மழை போகட்டும், காயும்" என்றாய்.

மாரி போனது. கூடவே வந்த காய்ச்சல் உன்னையும் கொண்டு போனது. தண்ணீர் மட்டும் காயவில்லை.

கண்டியில் பெயின்ற் கடைக்காரரிடம் கேட்டேன். "தேங்காய் எண்ணெய் ஒருநாளும் காயாது தங்கச்சி. சுரண்டி எடுத்துப்போட்டுத் திரும்பக் கீறுங்கோ" என்றார். அதனால்தான் நேற்று ஆளிவிதை எண்ணெயும் சுரண்டுகிற கத்தியுமாக வந்தேன். மணலும் எறும்பும் ஒட்டி, படம் பாழாகிக்கொண்டிருந்தது. சுரண்டினால் படம் தப்பும். ஆனால் உன் கைபட்டது என்று பிறகு என்ன மிஞ்சும்? கத்தியைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

கடைசியில் உன்னைப் போலக் கதவடிக்குப் போய்ப் பார்த்தேன். கலண்டரில் அந்த ஆறு குறுக்கே, சத்தமில்லாமல் போகிறது. உன் தண்ணீரோ பார்க்கிற ஆளை நோக்கி வருகிறது. மரத்தடியில் வெள்ளையாக நுரைத்து உடைகிறது. கள்ளி! ஆற்றைப் பார்த்துக்கொண்டு சல்லிக் கடலையல்லவா கீறி வைத்திருக்கிறாய்!

மாமி பின்னால் வந்து நின்றா. "கத்தி என்னத்துக்குப் பிள்ளை?"

"இது காயாதாம் மாமி."

அவ குனிந்து ஒரு அலையில் விரலை வைத்தா. நீலம் ஒட்டியது. "காயாட்டி என்ன? இப்பதான் கீறிப்போட்டு எழும்பிப் போனவள் மாதிரி இருக்கு." விரலை உடுத்த சீலையில் துடைக்காமலே குசினிக்குத் திரும்பிப் போனா.

கத்தியைப் பையில் வைத்துவிட்டேன். ஒட்டியிருந்த எறும்புகளை ஈர்க்கினால் ஒவ்வொன்றாக எடுத்தேன்.

மாமாவிடம் இன்னும் ஒரு துண்டுப் பாய்ச்சீலை இருக்கிறதாம். நாளைக்குக் கரையில் போய் இருந்து கீறப் போகிறேன். சனம் சுற்றி நின்று பார்க்கும், எனக்கு வெட்கமாக இருக்கும், உனக்குத் தெரியும். இருந்தாலும் போவேன். உன் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். இனிக் கலண்டர் வேண்டாம் மச்சாள். தண்ணீரை உன்னைப் பார்த்துத்தான் பழகுவேன். கறுப்பு ரியூபைத் திறக்கமாட்டேன், சத்தியம்.

வானம் மட்டும் கீறத் தெரிந்த,
உன் மச்சாள் பூரணி