சட்டி தூக்காமல் கட்டிய சுவர்

வாய் ஓயாமல் வெற்றிலையும் கழுத்து ஓயாமல் கலவைச் சட்டியுமாக இருந்த என் சாந்தா அண்ணிக்கு,

வளர்மதி எழுதுகிறேன். உங்களுடைய முதலாண்டு நினைவுக்கு அண்ணன் கடைத்தெருவில் பேனர் வைத்திருக்கிறார். ‘குடும்பத்தின் குத்துவிளக்கே’ என்று எழுதி, ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி, கம்ப்யூட்டரிலேயே முகத்துக்கு வெள்ளையும் அடித்துவிட்டார்கள். நீங்கள் பார்த்திருந்தால் “யாருடி இவ, நல்லாருக்காளே” என்று என்னிடமே கேட்டிருப்பீர்கள்.

பட்டுக்கோட்டை வேலையில், நெஞ்சு வலிக்கிறது என்று சட்டியை இறக்கி வைத்து உட்கார்ந்தவர் நீங்கள். பிறகு எழவேயில்லை. இருபது வருஷம் சித்தாளாகக் கலவை சுமந்தவர், இந்த வட்டாரத்தில் பாதி மாடிகள் இவர் தலைவழியாக ஏறியவைதான் என்று அந்தப் பேனரில் ஒரு வரி இருக்கக் கூடாதா? எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். அண்ணனும் படிக்கட்டும்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நான் இப்போது சட்டி தூக்குவதில்லை. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். கட்டுகிற இடத்தில் வேலை செய்கிறேன் என்று எழுதவில்லை அண்ணி, கட்டுகிறேன் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்காரர் தங்கராசு ஐயா. அவருடைய மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். இன்டர்லாக் கல்லில்தான் வீடு வேண்டும் என்று அங்கிருந்தே பிடிவாதம் பிடித்தவர் அவர்தான். சிமெண்டும் ஜல்லி உடைக்கிற கிரஷர் தூளும் போட்டு மெஷினில் அழுத்தி எடுக்கிற கல் அது. மேலே மேடு, கீழே பள்ளம். ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் பிடித்துக்கொள்ளும். அடி வரிக்கு மட்டும் கீழே கொஞ்சம் கலவை, சுவர் முழு உயரம் வந்த பிறகு மூலைகளில் கம்பி விட்டுக் கான்கிரீட். மற்றபடி கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு கரண்டி கலவை கிடையாது. நானும், என்னோடு சட்டி தூக்கிய முத்துலெட்சுமியும் மேரியும் பத்து நாள் பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தோம். கலவையே இல்லையென்றால் சித்தாள் எதற்கு என்று ஊரில் கேட்டார்கள். கொத்தனார் எதற்கு என்று நான் திருப்பிக் கேட்டேன்.

கொத்தனாரான என் அண்ணனுக்குக் கோபம் வராமல் இருக்குமா? “புள்ளைங்க வெளையாட்டுச் சாமான அடுக்குறாப்புல அடுக்கிட்டு அத வீடுங்கிறீங்க. ஐப்பசி மழைய ஒரு தடவ பாக்கட்டும், அப்பறம் பேசு” என்றார். இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வீட்டுக்கு ரூஃப் போடுகிற வேலை அவருடையது. எங்கள் சுவர் எழுந்தால்தான் அவருக்கு வேலை. அதனால் தினமும் ஒரு நடை வந்து பார்ப்பார், சிரிப்பார், போவார்.

எட்டாவது வரியில் மாட்டிக்கொண்டேன். மூலையில் இரண்டு சுவரும் சேர்கிற இடத்தில் கல் உட்காரவில்லை. ரப்பர் சுத்தியலால் தட்டினேன், திருப்பி வைத்தேன், வேறு கல் மாற்றினேன். விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. மட்டம் வைத்துக் கீழே வரைக்கும் பார்த்துக்கொண்டே போனால், தப்பு அடி வரியில் இருந்தது. இரண்டே நூல், அதாவது கால் அங்குலம், ஒரு பக்கம் இறங்கி, மேலே வர வர விரிந்திருந்தது.

அதை வைத்த அன்றே என் கண்ணில் பட்டதுதான். மேலே போகப்போகச் சரிபண்ணிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இருபது வருஷமாக அண்ணன் அப்படித்தானே செய்தார்? செங்கல் சுவரில் இரண்டு நூல் இறங்கினால் அடுத்த வரிக்குக் கலவையைக் கொஞ்சம் கனமாகப் போட்டால் முடிந்தது. இந்தக் கல்லில் அந்த மறைப்பு இல்லை. அவர் எனக்கு எதையும் கற்றுத்தரவில்லையே என்று அழுதிருக்கிறேன். பார்த்துப் பழகியதே இப்படிக் காலை வாரும் என்று நினைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அண்ணனும் தங்கராசு ஐயாவும் ஒன்றாக வந்து நின்றார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. என்னைத் தனியாக அழைத்துப் போய்த் தணிந்த குரலில்தான் சொன்னார்.

“இங்க பாரு வளரு, அந்தச் சந்துல கலவைய அப்பிடு. மேல பூசிட்டா யாருக்குத் தெரியப்போவுது? ஒம் மானம் போவக்கூடாதுன்னுதான் சொல்றேன்.”

அவர் அக்கறையாகத்தான் சொன்னார், அதை மறுக்கமாட்டேன். ஆனால் அப்படி அப்பினால் அது யார் கட்டிய சுவர்?

“ஐயா, இத அடி வரி வரைக்கும் பிரிக்கணும்” என்றேன். தங்கராசு ஐயாவின் முகம் மாறிவிட்டது.

“எட்டு வரி ஏத்திட்டுப் பிரிக்கிறதா? இதுக்குத்தாம்மா செங்கல்லே போதும்னு நான் அப்பவே சொன்னேன். நீங்க எறங்கிக்கிங்க. அண்ணனே செங்கல்லுல கட்டட்டும், மகன்ட்ட நான் சொல்லிக்கிறேன்.”

எங்கள் மூன்று பேருக்கும் கிடைத்த முதல் வீடு அது. அதிலிருந்து இறங்கினால் இந்தப் பக்கத்தில் இன்னொரு பெண்ணை நம்பி யார் ஒரு சுவரைக் கொடுப்பார்கள்?

“நாளக்கழிச்சு சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்கய்யா. அதுக்குள்ள இதே ஒசரத்துக்கு நேரா நிக்கலன்னா, நீங்க சொல்லவே வேணாம். நாங்களே எறங்கிடுறோம்.”

அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் அதையே சரி என்று எடுத்துக்கொண்டேன்.

பிரித்தோம் அண்ணி. செங்கல் சுவராக இருந்தால் கடப்பாரை போட்டு இடித்திருக்க வேண்டும். இதை மேலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கி அடுக்கினோம். ஒரு கல்கூட உடையவில்லை. கதிர் அறுக்கிற மெஷின்காரர் வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். “கட்டுறீங்களா, பிரிக்கிறீங்களா?” என்று ஒருவர் கேட்டார். “ரெண்டுந்தான் தெரியும்” என்றாள் மேரி.

அடி வரியைப் பெயர்த்துச் சுரண்டி, கலவை போட்டு மறுபடி வைத்தேன். டியூபில் தண்ணீர் விட்டு முத்துலெட்சுமி நாலு மூலைக்கும் மட்டம் பிடித்தாள். அந்த ஒரு வரிக்கே ஒரு முழுப் பகல் போனது. அரை நூல் தப்பினால்கூட எடுத்து வைத்தேன். மறுநாள் விடிந்ததும் ஏறினோம். எட்டாவது வரியின் மூலைக் கல், ஒரே தட்டில் உட்கார்ந்தது. வெட்கத்தை விட்டு அங்கேயே அழுதேன். தங்கராசு ஐயா வந்து இரண்டு கையாலும் சுவரைத் தள்ளிப் பார்த்தார். பிறகு தோளையும் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். “சரி, மேல ஏறுங்க” என்றார்.

போன வாரம் சுவர் முழு உயரம் வந்தது. ரூஃபுக்கு முட்டுக் கொடுப்பதற்கு முன்னால் அண்ணன் வந்து நாலு மூலைக்கும் நூல் கட்டினார். இரண்டு தடவை சுற்றி வந்தார். நூலை மெதுவாகச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “ஒங்க அண்ணி இருந்து இதப் பாத்திருக்கணும்.”

முத்துலெட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் எரிந்தது.

“அவங்க மூணு செங்கல்லு வச்சாங்களே அண்ணே, அது ஞாபகம் இருக்கா?”

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அண்ணன் டீ குடிக்கப் போன நேரத்தில் அவருடைய கரண்டியை எடுத்து மூன்று செங்கல் வைத்தீர்கள். நேராகத்தான் இருந்தது, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் வந்தார். மூன்றையும் பிடுங்கினார், கலவையை வழித்தார், அதே இடத்தில் அதே மூன்றையும் திரும்ப வைத்தார். “பொம்பள கை பட்டா செவுரு நிக்காது” என்றார்.

அண்ணன் சுருட்டிய நூலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார்: “அவ சிரிச்சாளே வளரு அன்னிக்கி.”

ஆமாம் அண்ணி, சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன், உங்களைவிடச் சத்தமாக. என் சிரிப்பைக் கேட்ட பிறகு உங்களால் வேறு என்ன செய்திருக்க முடியும்?

இனி எந்தப் பெண் கையிலிருந்து யார் கரண்டியைப் பிடுங்கினாலும், அது என் அண்ணனாகவே இருந்தாலும், அந்தக் கையைப் பிடித்து நிறுத்துவேன். சிரிக்கமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்கள் நாத்தனாரும்
இந்த வீட்டின் கொத்தனாருமான
வளர்மதி