சகலையின் கால் சேறு

அக்டோபர் 14
புதிதாக வாங்கிய வயலில் எருமைக்குப் பர்சீம் தீவனம் விதைக்கப் போகிறேன். சகலை மல்கீத் ஓசித் தேநீர் குடித்துவிட்டு உபதேசம் செய்தார். "அங்க பர்சீம் முளைச்சதே இல்ல சகலை. வேருக்குத் தழைச்சத்து ஊட்டுற கிருமி அந்த மண்ணுல கிடையாது. என் பழைய பர்சீம் வயல்லேருந்து ரெண்டு கூடை மண்ணு அள்ளித் தூவுங்க."
இவர் மண்ணை நான் யாசிக்க வேண்டுமாம்! என் கல்யாணத்துக்கே என்னுடையதைவிடப் பெரிய தலைப்பாகை கட்டி வந்த ஆள். கிருமி கடையில் பொட்டலமாகக் கிடைக்கிறது.

அக்டோபர் 16
வெல்லக் கரைசலில் பொட்டலத்தைக் கலந்து விதையில் பூசி, டிராக்டர் மூடிமேல் நல்ல வெயிலில் காயவைத்தேன். நிழலில் உலர்த்தச் சொல்கிறது பொட்டலம். நிழலில் எதுதான் காயும்?
தண்ணீர் கட்டி விதைத்துக்கொண்டிருந்தேன். மல்கீத் தன் வயல் சேறு முழங்கால்வரை அப்பியிருக்க, என் வயலின் குறுக்கே நடந்து வந்தார். வரப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாத ஜன்மம்.
"வெயில்லயா வச்சீங்க? கிருமியை வறுத்துட்டீங்களே சகலை! உப்புப் போட்டீங்களா?"
சிரித்துக்கொண்டே வந்த வழியே போனார்.

நவம்பர் 12
மஞ்சள். வயல் முழுக்கக் காமாலை.

நவம்பர் 15
எங்கள் எருமை பில்லோவை மல்கீத் விலைக்குக் கேட்கிறார். "என் தொழுவத்துல ராணியா இருப்பா."
என் மனைவி தேஜ் மறுக்கவில்லை! "வைக்கோலை மோந்துட்டு என்னையே பாக்குது. லோஹ்ரிப் பண்டிகை வரைக்கும் பொறுப்பேன். அப்பவும் தீவனம் இல்லன்னா அக்கா வீட்டுக்கு ஓட்டிடுவேன்."
அந்த மனுஷனிடம் மண் கேட்பதா? அதற்கு நானே வைக்கோல் தின்பேன்.

நவம்பர் 21
மஞ்சளுக்கு நடுவே, சாய்வாக ஒரு பச்சைக் கோடு. பிடுங்கிப் பார்த்தேன். வேரெல்லாம் குட்டி முடிச்சுகள், நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. மஞ்சள் செடியின் வேரோ மொட்டை. இங்கே மட்டும் ஏன்?
கோட்டோடு நடந்தேன். மல்கீத்தின் வரப்பில் கிளம்பி, நான் நின்று ஏச்சு வாங்கிய இடத்தில் முடிகிறது —
அடப்பாவி. கால் சேறு!

நவம்பர் 22
வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு அழைத்தேன். "சகலை, இன்னிக்குத் தேநீர் வயல்லயே. கிழக்கு மூலைக்கு வாங்க."
"என்ன திடீர்ப் பாசம்? இருங்க, காலைக் கழுவிட்டு வரேன்."
"நமக்குள்ள என்ன மரியாதை? அப்படியே வாங்க!"

ஜனவரி 13
லோஹ்ரி. தேஜ் பில்லோவை அவிழ்க்கவில்லை. கிழக்கு மூலையில் அறுத்த பச்சையைப் போட்டாள்.
நான் திருந்திவிட்டேன், தினமும் உபசரிக்கிறேன் என்று மல்கீத் ஊரெல்லாம் சொல்கிறாராம். சொல்லட்டும். நாளைத் தேநீர் வடக்கு மூலையில்.