ஈரப் பஞ்சு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ரிட்டையர் ஆன மனுஷன் வீட்டில் கிடக்காமல் ஆஸ்பத்திரியில் உனக்கென்ன வேலை என்று போன வாரம் போனில் கோபித்துக்கொண்டாய். பதில் சொல்வதற்குள் அம்மா போனைப் பிடுங்கிவிட்டாள், அதனால் எழுதுகிறேன்.

குழந்தைகள் வார்டில் சம்பளமில்லாத தொண்டுதான், எனக்குப் பெரிய வேலை ஒன்றுமில்லை. பெற்றவள் குளிக்க, சாப்பிடப் போகிற நேரத்தில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கதை சொல்லலாம், பாட்டுப் பாடலாம், வாயில் மட்டும் எதுவும் கொடுக்கக் கூடாது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குக் கிடைத்தது ஆறு வயதுப் பெண். குடல் முறுக்கிக்கொண்டு ஆபரேஷன் ஆகி மூன்றாம் நாள், மூக்குக் குழாயை அன்று காலையில்தான் எடுத்திருந்தார்கள். வாயு பிரிகிற வரைக்கும் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அவள் எப்போது காற்று விடுவாள் என்று வார்டே காத்துக்கிடந்தது, சிரிக்காதே, அங்கே அதுதான் நல்ல சேதி. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நேராக உட்காருங்க தாத்தா என்று அதட்டினாள். மேனேஜரம்மா என்று அப்போதே பேர் வைத்துவிட்டேன்.

உதடு காயாமல் ஈரப் பஞ்சால் ஒற்றிவிடச் சொல்லியிருந்தார்கள். ஒற்றினேன், அவள் பஞ்சைக் கவ்விச் சப்பிவிட்டு இன்னொரு தடவை என்று கெஞ்சினாள். மனசு கேட்கவில்லை. நனைத்து நனைத்துக் கொடுத்துக் கிண்ணம் பாதி காலியாகிவிட்டது. முப்பத்தைந்து வருஷம் விதி தவறாமல் பஸ் ஓட்டியவனுக்கு அந்த அரை மணி நேரம் புத்தி எங்கே மேயப் போயிற்றோ தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தாள். டாக்டர் வந்து உப்பியிருந்த வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மறுபடி அடைப்பு போலிருக்கிறது, திறந்து பார்த்துவிட வேண்டியதுதான் என்றார். தாய் ஈரத் தலையோடு ஓடிவந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சொன்னால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது, சொல்லாவிட்டால் தண்ணீருக்காக அந்தச் சின்ன வயிற்றை மறுபடி கிழிப்பார்களே. கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டியபோதுதான் எனக்கு வாய் வந்தது.

"நான் தண்ணி குடுத்துட்டேன் டாக்டர். பஞ்சுலதான், ஆனா நிறைய."

தாய் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். டாக்டர் கிண்ணத்தைப் பார்த்தார், வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்து வெகுநேரம் கேட்டார். ஆறு மணி வரைக்கும் பொறுப்போம், அதற்குள் பிரியாவிட்டால் திறக்கத்தான் வேண்டும் என்றார். பெரிய நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன், வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. நாலு மணி, ஐந்து மணி, ஐந்தரை. ஆபரேஷன் தியேட்டர் ஆள் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். அப்புறம் உள்ளே தாய் சிரிக்கிற சத்தம், உடனே அவளே அழுகிற சத்தம். பெரிய நர்ஸ் எட்டிப் பார்த்து, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டே, "விட்டுட்டா" என்றார். அங்கேயே குனிந்து அழுதேன்.

இரண்டு மாதத்துக்கு வார்டுக்குள் நுழையக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதுவரை வெளியே ஃபைல் சுமக்கிறேன். மேனேஜரம்மா வீட்டுக்குப் போன அன்று, சீக்கிரம் வாம்மா என்று தாயை இழுத்துக்கொண்டு என்னைத் தாண்டி நடந்து போனாள். தாய் என்னோடு பேசவில்லை, பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அந்த நடையைப் பார்த்ததே போதும் எனக்கு.

நீ நாலு வயதில் காய்ச்சல் முற்றி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். லீவு கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். நான் கேட்கவே இல்லையம்மா. உன் கட்டில் பக்கத்தில் உட்காரப் பயந்துபோய் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். நீ எழுந்து நடந்ததை நான் பார்க்கவில்லை.

அதனால் போகாதே என்று மட்டும் சொல்லாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நீண்டநாள் வாழ வேண்டும்.

உன் அப்பா