பிறைக்குப் பிறகு பார்க்காத முகம்

மதினி,

இன்று காலை அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நாட்காட்டியில் தேதி கிழித்தேன். இன்றைய தாளில், ராகு காலத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில் 'சந்திர தரிசனம்' என்று போட்டிருந்தது. கிழித்ததைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். "ஜீப்பு வந்துரும், என்ன நிக்கிற?" என்று இவர் சத்தம் போட்ட பிறகுதான் தூக்குவாளியைத் தேடினேன்.

நீங்கள் போய் இது மூன்றாவது மாதம். போன இரண்டு மாதமும் இந்த நாளில் காய்ச்சல் என்று சொல்லி வேலைக்குப் போகாமல் இருந்துவிட்டேன். இன்று போனேன்.

போடிக்குள் இருந்துகொண்டு மூன்றாம் பிறை பார்ப்பது லேசில்லை. மேற்கே மலை சுவர் மாதிரி நிற்கிறது. பிறை தெரிகிற நேரத்துக்குள் அது மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். அதனால்தான் தோட்டத்தில் ஏலக்காய் எடுத்துவிட்டுத் திரும்பும்போது, அந்த ஒரு நாள் மட்டும் டிரைவர் அண்ணன் போடிமெட்டு டீக்கடையில் ஜீப்பை நிறுத்துவார். நாம் எல்லாரும் இறங்கி மேற்கே பார்த்து நிற்போம். முதலில் கண்டுபிடிப்பது எப்போதும் நீங்கள்தான். "அந்தா, அந்தா" என்று நீங்கள் கை நீட்டுவதற்குள் நான் கிழக்கே பார்த்துக்கொண்டு நிற்பேன். "ஏடி, சூரியன் எங்கிட்டு எறங்குச்சுன்னுகூடத் தெரியாதா ஒனக்கு?" என்று தலையில் தட்டுவீர்கள். பிறையைக் கும்பிட்டதும் நல்லதைப் பார்க்க வேண்டும் என்பார்கள். சிலர் தாலியைப் பார்ப்பார்கள், சிலர் மோதிரத்தை. எனக்கு நீங்கள் என் பக்கம் திரும்பிச் சிரிப்பீர்கள். எங்கள் பெரியப்பா மகனைக் கட்டி எங்கள் தெருவுக்கு வந்த நாள் முதல், அந்த முகத்தைத்தான் நான் பார்த்தேன்.

உங்களைக் கட்டிய அண்ணன் மாரடைப்பில் போன பிறகு அது நின்றுபோனது. மூன்று மாதம் கழித்து நீங்கள் மறுபடி வேலைக்கு வந்தீர்கள். ஆனால் மெட்டில் ஜீப்பு நின்றால் இறங்க மாட்டீர்கள். "கால் வலிக்குது, நீங்க போயிட்டு வாங்க" என்று உள்ளேயே உட்கார்ந்திருப்பீர்கள். யாரும் உங்களை இறங்கச் சொல்லவில்லை. இறங்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்திருந்தது.

எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து வயிற்றில் தங்கிய பிள்ளை அது. ஐந்தாம் மாதம். அன்று காலையிலேயே அத்தை, "மறக்காம பெறையைப் பாத்துட்டு வா, புள்ளைக்கு நல்லது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். மெட்டில் ஒரே மேகம். எல்லாரும் தேடித் தேடி அலுத்துப்போய் டீக்கடைப் பக்கம் போய்விட்டார்கள். நாளைக்கு நாலாம் பிறை, அதைப் பார்க்கக் கூடாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜீப்புப் பக்கம் ஓடிவந்து, "மதினி, எறங்கி வாங்க. ஒங்க கண்ணுக்குத்தான் ஆப்புடும்" என்று கூப்பிட்டேன்.

நான் கூப்பிட்டதால்தான் இறங்கினீர்கள்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேற்கே கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு என் தாடையைப் பிடித்துத் திருப்பினீர்கள். "அந்தா பாரு, அந்த ஒத்த மரத்துக்கு மேல, மேகம் கிழிஞ்ச எடத்துல. வெரசா பாரு, மூடப்போகுது." பார்த்தேன். நகத்தை வெட்டிப் போட்ட மாதிரி மெல்லிசாக இருந்தது. கும்பிட்டேன். பழைய பழக்கத்தில் நீங்கள் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்புவது கடைக்கண்ணில் தெரிந்தது.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மூடியபடியே தாலியைத் தடவி எடுத்து, அதை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டுதான் கண்ணைத் திறந்தேன். நிமிர்ந்தபோது நீங்கள் அங்கே இல்லை. ஜீப்பில் உங்கள் இடத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்.

இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் என் முதுகு கம்பியில் இடிக்காமல் உங்கள் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டே வந்தீர்கள், எப்போதும்போல.

ஏழாம் மாதம் பிள்ளை தங்கவில்லை. ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். அத்தைக்கு அது போதவில்லை. நம்மை வேலைக்குக் கூட்டிப்போகிற பெரியக்கா, துக்கம் விசாரிக்க எங்கள் வீட்டுக்கு வந்த இடத்தில், அன்று மெட்டில் நானும் நீங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதைச் சொல்லிவிட்டார். அத்தை வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். "பெறையைப் பாத்த கண்ணோட அவ மூஞ்சியில முழிச்சிருக்கா. பெறகு எங்கிட்டுப் புள்ள தங்கும்?"

நான் உள்ளே பாயில் கிடந்தேன். 'நான் அவுக முகத்தைப் பாக்கவே இல்ல அத்தை' என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் ஏன் பார்க்கவில்லை என்று கேட்பார்கள். கண்ணை மூடிக்கொண்டதைச் சொல்ல வேண்டும். அது உங்கள் காதுக்கு வரும். உங்களைக் காப்பாற்ற என்னிடம் இருந்த ஒரே வார்த்தை, நான் உங்களுக்குச் செய்த அவமானம்தான். அப்படித்தான் அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டேன்.

உடம்பு தேறி நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், விடியற்காலையில் தூக்குவாளியோடு ஜீப்புக்கு வந்தீர்கள். "எடமில்லத்தா. லோடு கூடிப்போச்சு" என்றார் பெரியக்கா. என் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது. அந்த இடத்தைப் பார்த்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை. "சரிக்கா" என்று திரும்பி நடந்தீர்கள். அடுத்த வாரம் வீட்டைப் பூட்டிவிட்டு, கேரளாவில் பூப்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், கூலி ஆட்களுக்கான வரிசை வீட்டில் தங்கி வேலை பார்க்கப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

உங்களைத் தேடி வர எனக்கு இரண்டு வருடம் ஆனது. லயத்து வாசலில் விறகு ஒடித்துக்கொண்டிருந்தீர்கள். இளைத்திருந்தீர்கள். என்னைக் கண்டதும் எழுந்து, உள்ளே போய்ப் பால் இல்லாத கட்டஞ்சாயா போட்டுக்கொண்டு வந்தீர்கள். டம்ளரைக் கையில் வாங்கியதுமே அழுதுவிட்டேன்.

"மதினி, அன்னைக்கு நான் ஒங்க முகத்தைப் பாக்கவே இல்ல. கண்ணை மூடிக்கிட்டேன். அதை யார்கிட்டயும் சொல்லல."

"தெரியும்டி. நீ மூடுனத நாந்தான் பாத்தேன்ல."

"தெரிஞ்சுமா ஒத்த வார்த்த பேசாம போனீக? நீங்களாச்சும் சொல்லிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்றது? புள்ளயப் பறிகொடுத்துட்டுப் பாயில கெடக்குறவள நடுத்தெருவுல இழுத்து வச்சு, 'இவ கண்ணை மூடுனா, கேளுங்க'ன்னு சொல்லவா?" ஒடித்த விறகை எடுத்து அடுக்கினீர்கள். "சாரமில்லடி. சாயா ஆறுது, குடி."

மலைக்குப் போய்ப் பழகிய மலையாளச் சொல். பரவாயில்லை என்று அர்த்தம். பரவாயில்லை என்று சொன்ன முகம் அப்படி இல்லை. கீழே வந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "பாப்போம்" என்றீர்கள். அதற்குப் பிறகு நான்கு தடவை வந்தேன். நான்கு தடவையும் "பாப்போம்".

மழைக் காலத்துக் காய்ச்சலில் நீங்கள் போன சேதி வந்தபோது காய் எடுத்துக்கொண்டிருந்தேன். ஜீப்பில் கீழே கொண்டுவந்தார்கள். பூட்டிக் கிடந்த உங்கள் வீட்டைத் திறந்து கூட்டியது நான்தான். கிடத்திய பிறகு உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து, எடுக்கும் வரை உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை வாசலோடு நின்றார். உள்ளே வரவில்லை.

இன்று மெட்டில் ஜீப்பு நின்றது. வானம் சுத்தமாக இருந்தது. எல்லாருக்கும் பிறை சுலபமாகத் தெரிந்தது. கும்பிட்டு முடித்து டீ குடிக்கும்போது, எல்லாரும் கேட்கட்டும் என்றே பெரியக்காவிடம் சொன்னேன். கூப்பிட்டது நான், கண்ணை மூடியது நான், வாயை மூடிக்கொண்டதும் நான் என்று.

பெரியக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "அடிப்பாவி! அப்ப நீ அவ மூஞ்சியப் பாக்கவே இல்லையா? அப்ப அவ மேல தப்பே இல்லையே. அநியாயமாப் பேசிட்டமே."

மற்றவர்களும் உச்சுக் கொட்டினார்கள். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை மதினி. ஏனென்றால் இத்தனை வருடமும் நான் எனக்குள் சொல்லிக்கொண்டதும் இதைத்தான். பார்க்கவில்லை, அதனால் அவர் மேல் தப்பில்லை. அப்படியானால் பார்த்திருந்தால்?

"பாத்திருந்தா என்னக்கா?" என்று கேட்டேன்.

"பாத்திருந்தா அது வேற."

"பாத்திருந்தாலும் அவுக மேல தப்பு இல்லக்கா."

பெரியக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். டிரைவர் அண்ணன் ஆரன் அடித்தார். ஏறினோம். நாளைக்கு எனக்கு ஜீப்பில் இடம் இருக்குமா என்று தெரியவில்லை.

அன்று லயத்து வாசலில் நீங்கள் என்னிடம் எதிர்பார்த்தது, பார்த்திருந்தாலும் தப்பில்லை என்ற இந்த வார்த்தையைத்தானா? நான் மலை ஏறி வந்து உங்களிடம் சொன்னதெல்லாம் பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்பது மட்டும்தான். அந்த முகத்தைப் பார்த்தால் கெடுதல் என்று நானும் நம்பியதை, உங்கள் முகத்துக்கு நேரே, அழுதுகொண்டே சொல்லியிருக்கிறேன். நீங்கள் அதையும் கேட்டுக்கொண்டு, சாயா ஆறுகிறது, குடி என்றீர்கள்.