உலையப் போட்டு வையி

தம்பிக்கு,

அந்தச் சீன இயக்குநரின் முதல் சிரிப்புப் படத்திலிருந்து இந்தப் பதினோராவது படம்வரை தமிழ் டப்பிங் வசனம் நீதான். அவர் பெரிய ஆளாக ஆக, நீயும் ஆனாய். சந்தோஷம்.

நேற்று அம்மாவைக் கூட்டிப்போய்ப் பார்த்தேன். படத்தில் கோமாளி தன் மனைவியிடம், "உலையப் போட்டு வையி, இந்தா வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் பட்டாசு ஆலைக்குள் நுழைகிறான். ஏழாயிரம்பண்ணையில் ஆலை வெடித்த அன்று காலையில், அப்பா கடைசியாகச் சொன்னது அது. சீனாக்காரருக்கு அது தெரியாது. உனக்குத் தெரியும்.

படத்திலும் வெடித்தது. கரிபூசிய முகத்தோடு அவன் எழுந்து வந்தான். தியேட்டரே சிரித்தது.

அம்மா மட்டும் என் கையை இறுக்கிப் பிடித்து, "இதுலயாச்சும் எந்திரிச்சிட்டாகளே" என்றாள்.

இன்றும் கூட்டிப்போகச் சொல்கிறாள்.

அக்கா