உருளைகளின் மேல் அப்பாவின் சைக்கிள்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும், இங்கே நாங்கள் இருக்கிறோம், சௌக்கியம் என்று எழுதத்தான் கை வரவில்லை. உன் அப்பாவுக்குப் பக்கப் பார்வை போய்விட்டது என்று போனில் சொன்னேன் அல்லவா, நேர் எதிரே இருப்பது தெரிகிறது, இரண்டு பக்கமும் இருட்டு. ரோட்டில் சைக்கிளே ஓட்டக் கூடாது என்று கண் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வீடு வீடாகக் கரண்ட் மீட்டர் கணக்கெடுத்து வேலைக்காலம் முழுக்கச் சைக்கிளிலேயே இருந்த மனுஷன், அதற்கப்புறம் என்னோடுகூடச் சரியாகப் பேசவில்லை.

பிறகு திடீரென்று, வீட்டுக்குள்ளேயே ஓட்டுகிறேன் என்று ஆரம்பித்தார். மூன்று தடித்த பிளாஸ்டிக் குழாய், முனைகளில் மரவட்டம், அதற்குள் பேரிங், எல்லாவற்றையும் பலகைச் சட்டத்தில் உருளை உருளையாகப் பொருத்தினார். பின்சக்கரம் இரண்டு உருளைக்கு நடுவில் உட்காரும், முன்சக்கரம் மூன்றாவதன் மேல், மிதித்தால் சக்கரம் சுழலும், சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கும். பின் உருளை சுழலும்போது முன் உருளையும் சுழல ஒரு பெல்ட் வேண்டுமாம், என் தையல் மிஷின் பெல்ட்டைக் கழற்றி இன்னொரு துண்டோடு ஒட்டுப்போட்டுவிட்டார். கேட்டால், "நீ எங்க தைக்கிற, அது சும்மாதானே கெடக்கு" என்கிறார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம், ஆனாலும் வாய் திறந்து பேசினாரே என்று விட்டுவிட்டேன். மரவட்டம் கடைந்து கொடுத்த லேத்துக்காரர், "அண்ணே, இதுல ஏறுறதுக்குக் கண்ணு நல்லா இருக்கணுமே" என்றாராம், இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாய்ந்தால் பிடித்துக்கொள்ள வேண்டுமென்று சமையலறை வாசல் நிலைக்கு நடுவில் அதைப் போட்டார், நான் தண்ணீர் எடுக்கக்கூடச் சைக்கிளைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் நாள் ஏறியதும் உருளையின் விளிம்பு தெரியாமல் இடப்பக்கம் நழுவி, நிலையில் தோள் இடித்து விழுந்தார். மறுபடி ஏறினார், மறுபடி விழுந்தார். சத்தம் கேட்டுச் சண்டைக்கு வந்த கீழ்வீட்டு டீச்சர் இவர் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்துவிட்டு வந்த வழியே இறங்கிப் போனார். அப்புறம் நான் பக்கத்தில் நின்று இடது, வலது என்று சொல்லச் சொல்ல ஓட்டினார். போன ஞாயிறு நான் சொல்லாமலே நேராக ஓட்டினார், எனக்கு வயிற்றில் பாலை வார்த்தது போல் இருந்தது. இறங்கி உட்கார்ந்தவர், "மூஞ்சில காத்தே படலியே, சமையக்கட்டு சுவத்தையே பாத்துக்கிட்டு மிதிக்கிறேன்" என்றார். ஃபேனைத் திருப்பி வைத்தேன், வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். அதோடு ஏறவே இல்லை.

வீட்டுக்குள் மிதிக்கிற நல்ல மிஷினாக வாங்கி அனுப்புகிறேன் என்று போனில் சொன்னாய், அனுப்பாதே. ரோட்டுக்குப் போய்விடுவாரோ என்று தினமும் சைக்கிளைப் பூட்டிச் சாவியை மாவு டப்பாவில் ஒளித்து வைப்பேன். நேற்று மனசு கேட்காமல் சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்து, தெருமுனை வரைக்கும் போங்க, நானும் கூடவே வரேன் என்றேன். "சைக்கிள யாருக்காவது குடுத்துடு" என்று சாவியை என் பக்கமே தள்ளிவிட்டார். இத்தனை நாள் போய்விடுவாரே என்று பயந்தேன், இப்போது போகமாட்டேன் என்கிறாரே என்றுதான் பயமாக இருக்கிறது.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், குழந்தையின் இருமலை அலட்சியம் பண்ணாதே. லீவு கிடைத்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போ. வந்தால் அப்பாவுக்கு நேர் எதிரே வந்து நில், பக்கத்தில் நின்றால் நீ வந்ததே அவருக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் அம்மா