பார்த்து உருட்டிய ஜெபமாலை

திண்டிவனம்
12.8.2024

அன்புத் தங்கை லூர்துவுக்கு,

இயேசுவின் சமாதானம் உன்னோடு இருக்கட்டும். போனில் கேட்டால் நீ அழுதே பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். பேனா விரலில் இருக்கிறதா என்பதையே கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். மார்புக் கட்டிக்கு மருந்து ஏற்றி முடிந்த பிறகும் கையும் காலும் மரத்தே கிடக்கின்றன. போன ஞாயிறு ஒரு செருப்பு கழன்றது தெரியாமல் கோவில் வரை நடந்திருக்கிறேன்.

முந்தாநாள் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நர்ஸ் அருணா என் விரல்களைத் தேய்த்துவிட்டபடி, "லூர்தம்மா உங்க தங்கச்சிதானம்மா? அவங்களும் இதே மருந்து ஏத்திக்கினு, வெரலு மரத்துப்போச்சேன்னு அழுதுக்கினு இருந்தாங்க" என்றாள்.

எனக்குத் தெரிந்து உனக்கு நடந்தது கர்ப்பப்பை ஆபரேஷன். உன் மகள் மெர்லினின் கல்யாணத்துக்கு முன் மொட்டைத் தலையோடு வந்து நின்று, வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ச்சை என்றாய். உன் பக்தியை ஊரெல்லாம் மெச்சினேன். கண்ணை மூடி விரலால் எண்ண வேண்டிய ஜெபமாலையைக் கண்ணால் பார்த்து உருட்டுகிறாயே, மடத்தில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது இதுதானா என்று எல்லார் முன்னும் உன்னைக் கடிந்தேன். நீ மாலையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாய்.

இப்போது நானும் பார்த்துத்தான் உருட்டுகிறேன்.

அருணா சொன்னது உண்மையா? ஒரு வரி போதும்.

உன் அன்பு அக்கா,
அமலோற்பவமேரி


விழுப்புரம்
19.8.2024

என் உயிரான அக்காவுக்கு,

உண்மைதான் அக்கா. பெண் பார்க்க வந்த சம்பந்தியம்மாள் உட்காரும் முன்பே, "பொண்ணோட அம்மா வழியில புத்துநோவு எதுனா இருக்குதா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டேன். அப்புறம் மெர்லின் உட்பட எல்லாருக்கும் அதையே சொல்ல வேண்டியதாயிற்று. உங்களுக்குப் பொய் வராது. அதனால்தான் உங்களிடம் மறைத்தேன்.

உங்களுக்கும் அதே மருந்து என்று தெரிந்ததும் சொல்ல வாயெடுத்தேன். எனக்கு வந்த மரப்பு அக்காவுக்கும் வர வேண்டுமா என்று என்னை நானே தேற்றிக்கொண்டு சொல்லாமல் விட்டேன்.

மெர்லின் குழந்தைக்கு அடுத்த மாதம் ஞானஸ்நானம். நீங்கள்தான் ஞானத்தாய் என்று அவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். சம்பந்தி வீட்டார் கையைப் பற்றிக் கேட்டால், வாதம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

உங்கள் பாவித் தங்கை,
லூர்து


திண்டிவனம்
26.8.2024

லூர்துமேரிக்கு,

மருந்து ஏற்றும் முன் டாக்டர் வேங்கடேசன் என்னிடம் கேட்ட கேள்வியைச் சொல்கிறேன். "கூடப்பொறந்தவங்க யாருக்காவது இந்த மருந்து ஒத்துக்காம போயிருக்காம்மா?" எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இந்த நோயே வந்ததில்லை என்று தலை நிமிர்ந்து சொன்னேன்.

உன் கடிதம் வந்த பிறகு அவரிடம் போனேன். ஒரே மருந்து ஒருவர் நரம்பைத் தொடாமல் விடும், இன்னொருவர் நரம்பை அரித்துவிடும். மரபணுவில் உள்ள வேறுபாடும் அதற்கு ஒரு காரணம் என்றார். யாருக்கு வரும் என்று அடித்துச் சொல்லும் பரிசோதனை இன்னும் கைக்கு வரவில்லையாம். "தங்கச்சிக்கு இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சிருந்தா, ஆரம்பத்துலயே உஷாரா பாத்திருப்பேன். டோஸைக் கொறச்சிருக்கலாம், மருந்தையே மாத்தியிருக்கலாம்" என்றார்.

எனக்குப் பொய் வராது என்று தெரிந்துதான் மறைத்தாயாம். அந்த வராத பொய்யைத்தான் என் வாயாலேயே டாக்டரிடம் சொல்ல வைத்தாய்.

மெர்லினுக்கும் நம் இரத்தம்தான். நாளை ஒரு டாக்டர் அவளிடம் கேட்டால், நான் சொன்ன பதிலையேதான் அவளும் சொல்வாள்.

ஞானஸ்நானத்துக்கு வருகிறேன். சாத்தானை விட்டுவிடுகிறேன் என்று குழந்தைக்காகச் சொல்லும் வாயால் வாதம் என்று சொல்ல மாட்டேன். அதற்குள் நீ மெர்லினிடம் சொல்லிவிடு. இல்லையென்றால் என் கையைப் பார்த்து அவளே கேட்பாள்; நான் சொல்வேன். அதற்குப் பிறகு நமக்குள் கடிதம் வேண்டாம்.

ஞானத்தொட்டியருகே குழந்தையை ஞானத்தாய் ஏந்த வேண்டும் என்பது உனக்குத் தெரியும். குழந்தையை நீயே ஏந்திக்கொள். பிடித்திருக்கிறேனா, நழுவவிட்டேனா என்று என் கைக்குத் தெரியாது.

அமலோற்பவமேரி